அண்ணாமலையில் அரசு வீற்றிருந்த வீர வல்லாளன்

திருவண்ணாமலையை வலம் வரும் அன்பர்கள் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடக்கின்றனர். அவ்வழியில், மலைக்கு மேற்புறத்தே, அடி அண்ணாமலை என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்கு நின்று மலையை நோக்குவோர்க்கு அது தவத்தோர் உறையும் இடமாகத் தோன்றுமேயன்றி, ஓர் அரசின் தலைநகரமாகத் தோன்றாது. ஆயினும் ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன்னர், கன்னட நாட்டிலிருந்து வந்த மன்னன் ஒருவன் தன் முதுமைக் காலம் முழுவதும் இம்மலையடியிலிருந்தே ஆட்சி செலுத்தினான். போசள மரபின் பெருவேந்தர்களுள் கடைசியாக விளங்கிய மூன்றாம் வீர வல்லாளனே அம்மன்னன். போளூர், ஆரணி, வந்தவாசிப் பகுதிகளில் வாழும் நம் குடும்பத்தினர் பலரும் திருவண்ணாமலைக் கோயிலில் வல்லாள மகாராசன் கோபுரம் என வழங்கும் கோபுரத்தைக் கண்டிருப்பர். அப்பெயருக்குரியவன் பட்ட பாடுகளை அறிந்தவர் சிலரே.

அவனுடைய வரலாறு, ஒரே குடும்பத்தார் நாட்டை இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டு தமக்குள் பொருதால் என்ன விளையும் என்பதைக் காட்டும் வரலாறு. அது மட்டுமன்று, பிறர் வீட்டுப் பங்காளிச் சண்டையில் ஆதாயம் தேடப் போவோர்க்கு என்ன நேரும் என்பதையும் அது காட்டுகிறது. இவ்விரண்டும் அவன் ஒருவன் வாழ்விலேயே நிகழ்ந்தன.

போசளர் நம் சமயத்தோடு நெருங்கிய தொடர்புடையவர் என்பதை இளைய தலைமுறையினர் அறிதல் வேண்டும். அம்மரபின் முன்னோனாகிய சளன், சுதத்தர் என்னும் சமண முனிவரின் ஏவற்படி புலியை எதிர்த்தான் என்பது அவர்தம் குலக்கதை. விட்டுணுவர்த்தனனின் பட்டத்தரசியாகிய சாந்தலை தேவி இறுதிவரை சமண நெறியிலேயே ஒழுகி, 1131ஆம் ஆண்டு சிவகங்கை என்னும் குன்றிலே சல்லேகனை நோற்று உயிர் நீத்தாள். (இச்சிவகங்கை கன்னட நாட்டிலுள்ளது, நம் பாண்டிநாட்டுச் சிவகங்கையன்று.) தலைநகராகிய துவாரசமுத்திரத்தில், அதாவது இன்றைய ஹளேபீட்டில், பார்சுவநாதர், சாந்திநாதர், ஆதிநாதர் ஆகியோர்க்கு எடுக்கப்பட்ட மூன்று பஸதிகள் இன்றும் நிற்கின்றன. வல்லாளனின் தந்தையாகிய மூன்றாம் நரசிம்மனும் தன் இளமையில் அந்நகரத்து விஜய பார்சுவநாதர் பஸதிக்குச் சென்று வழிபட்டு அறக்கொடை அளித்தான்.

இனி, கன்னடத்துப் போசளர் தமிழ்நாட்டிற்கு வந்த வகையைக் காண்போம். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு படிப்பின் எளிதில் விளங்கும். வரலாற்றுப் பாடத்தை வரைபடமின்றி நடத்தலாகாது என்பது நாம் ஆசிரியப் பயிற்சியிலே முதலிற் கற்றது. 1231ஆம் ஆண்டையொட்டிக் காடவர் தலைவனாகிய கோப்பெருஞ்சிங்கன் சோழன் மூன்றாம் இராசராசனைப் பிடித்துச் சேந்தமங்கலத்திலே சிறை வைத்தான். போசளன் இரண்டாம் நரசிம்மன் படை அனுப்பிச் சோழனை மீட்டான். அச்செய்தியைத் திருவயிந்திபுரத்துக் கல்வெட்டு விரிவாகக் கூறுகின்றது. உதவி செய்ய வந்தவர்கள் மீண்டு போகவில்லை. நரசிம்மனின் மகன் சோமேசுவரன் திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, இன்றைய சமயபுரத்தை அடுத்த கண்ணனூரில் அரண்மனை எடுத்து அங்கேயே தங்கிவிட்டான். அவன் காலத்துக் கோயில் போசளேசுவரம் என்று பெயர் பெற்று, இப்பொழுது போஜீசுவரர் கோயில் என மருவி வழங்குகிறது.

சோமேசுவரனுக்கு இரண்டு மைந்தர். தாயர் வேறு வேறு. மூத்தவன் நரசிம்மன், இளையவன் இராமநாதன். தந்தை தன் வாழ்நாளிலேயே, 1254ஆம் ஆண்டளவில், நாட்டைப் பங்கிட்டான். மலைமேலுள்ள கன்னட நாடு மூத்தவனுக்கு. கீழேயுள்ள தமிழ்நாட்டுப் பகுதியும் கோலார்ப் பக்கத்துச் சில நாடுகளும் இளையவனுக்கு. பகைமை தோன்றாதிருக்கவே அவன் இவ்வாறு செய்திருத்தல் கூடும். ஆனால் அப்பிரிவு வெறும் நிலப் பிரிவாக அமையவில்லை. மேல்நாடு ஏரிப் பாசனமும் புன்செயும் மேய்ச்சலும் உடையது. கீழ்நாடு காவிரி நீரால் நெல் விளையும் மண். அங்கே அரசாணை கன்னடத்தில் எழுதப்பெற்றது. இங்கே இராமநாதனின் கல்வெட்டுகள் தமிழில் வெட்டப்பெற்றன. அங்குள்ள படைத்தலைவர்க்கு வடக்கே தேவகிரி யாதவரே பகைவர். இங்குள்ளார்க்குத் தெற்கே பாண்டியரே பகைவர். ஒருவர் அச்சம் மற்றவர்க்கு அச்சமாகத் தோன்றவில்லை. நெல்லும் பொன்னும் கீழ்நாட்டில் இருந்தன. குலப்பெருமையும் பழைய தலைநகரமும் மேல்நாட்டில் இருந்தன. ஆகவே இரண்டு அரண்மனைகளிலும் தத்தம் பங்கே குறைவென்று கருதினர்.

பாண்டியர் இப்பிளவைக் கண்டு காத்திருக்கவில்லை. சடையவர்மன் சுந்தரபாண்டியன் சோமேசுவரனையே போரிற் கொன்றான். பின்னர் 1279ஆம் ஆண்டில் மாறவர்மன் குலசேகரபாண்டியன் இராமநாதனையும் கடைசிச் சோழனாகிய மூன்றாம் இராசேந்திரனையும் வென்றான். கண்ணனூர் போயிற்று. இடமிழந்த இராமநாதன் வடக்கே ஏறி, இன்றைய ஓசூர்ப் பகுதியைச் சார்ந்த குந்தாணியிலே அமர்ந்து, தன் அண்ணன் நாட்டின்மேற் படையெடுத்தான். பாண்டியன் பறித்ததை அண்ணனிடம் ஈடு செய்துகொள்ள நினைத்தான் போலும். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குலத்தின் இரு கிளையினர் பெங்களூர், கோலார், துமகூர்ப் பகுதிகளில் ஒருவரையொருவர் அழித்தனர். ஊர்களைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரர்க்கு எடுத்த நடுகற்கள் அப்பகுதிகளில் மிகுதி.

இத்தகைய காலத்திலே எளிய மக்கள் நிலை எவ்வாறிருந்தது? நம் நாட்டில் அடிமைகள் இருந்ததில்லை என்று சிலர் பெருமை பேசுவதுண்டு. கல்வெட்டுகள் அவ்வாறு கூறவில்லை. 1201ஆம் ஆண்டு, மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், பஞ்சம் தாங்காத வேளாளர் ஒருவர் தம்மையும் தம் மகளிர் இருவரையும் திருப்பாம்புரம் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டார். ஆளோலை என்பது அவ்வாறு மனிதரை விற்று எழுதும் ஓலையின் பெயர். வறட்சிக் காலத்திலேயே இந்நிலையென்றால், படைகள் ஆண்டுதோறும் விளைச்சலை எரித்துக் கால்நடைகளை ஓட்டிச் சென்ற நாட்டில் எத்தனை குடும்பங்கள் சிதறியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வல்லாளன் இப்போர்களுக்கிடையே வளர்ந்தவன். பிற்காலப் பயணியாகிய இபின் பதூதா அவன் இறக்கும்போது எண்பது வயதைக் கடந்தவன் என்று எழுதியிருத்தலால், 1262ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தான் எனலாம். தந்தை மறைந்தபின் 1292ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிசூடினான். சிற்றப்பன் இராமநாதன் 1295ஆம் ஆண்டளவில் இறந்தான். அவன் மகன் விசுவநாதன் சில ஆண்டுகளே குந்தாணியில் ஆண்டான். அக்கிளை ஓய்ந்தது. 1301ஆம் ஆண்டளவில் பிரிந்த நாடு மீண்டும் ஒன்றாயிற்று.

அவ்வாண்டில் அவன் செய்த செயல் ஒன்று நம் உள்ளத்தைக் கவர்வது. வென்ற நாட்டைத் தோற்ற நாடாக அவன் நடத்தவில்லை. குந்தாணி அரசைச் சேர்ந்த பல நாடுகளிலுமுள்ள கோயில் தானத்தார்க்கும் மடத்தார்க்கும் ஓர் ஆணை பிறப்பித்தான். தேவதானம், திருவிடையாட்டம், மடப்புறம், பள்ளிச்சந்தம் ஆகிய அறநிலங்கள் அதுவரை அரண்மனைக்குச் செலுத்தி வந்த தறி வரி, பொற்கொல்லர் வரி, சுங்கம் முதலியவற்றை நீக்கி, அவற்றை வழிபாட்டிற்கும் திருப்பணிக்கும் விட்டுக்கொடுத்தான். ஆணை தமிழிலேயே கல்லில் வெட்டப்பெற்றது. பள்ளிச்சந்தம் என்பது அருகன் கோயில்களுக்குரிய இறையிலி நிலம் என்பது நம் வாசகர் அறிந்ததே. சிவன் கோயிலுக்கும் திருமால் கோயிலுக்கும் நம் பள்ளிகளுக்கும் ஒரே நாளில் ஒரே வகையான சலுகை. அதுவும் கன்னட மன்னன் தமிழில் அளித்தது. இருபக்கத்துப் பகையை ஆற்றுதற்கு இதனினும் தக்க மருந்து அந்நாளில் வேறெதுவும் இருந்திருக்க முடியாது.

இத்தோடு அவன் அமைதியாக இருந்திருப்பின் வரலாறு வேறு வகையாக அமைந்திருத்தல் கூடும். ஆனால் பாட்டன் இழந்த கண்ணனூரையும் காவிரி நாட்டையும் அவன் மறக்கவில்லை. தேவகிரி யாதவரோடும் எல்லைப் போர் செய்துகொண்டிருந்தான். வடக்கிலிருந்து அலாவுதீன் கில்ஜி 1296ஆம் ஆண்டிலேயே தேவகிரியைச் சூறையாடிச் சென்றிருந்தான். வீட்டிற்கு வடபுறம் தீப்பற்றியிருக்கும்போது, அண்டை வீட்டான் வேலியைப் பிடுங்குவதிலேயே தென்னாட்டு வேந்தர் அனைவரும் கருத்தாயிருந்தனர்.

1310ஆம் ஆண்டில் மதுரையிலும் பங்காளிப் போர் மூண்டது. குலசேகரபாண்டியனுக்குச் சுந்தரபாண்டியன், வீரபாண்டியன் என மைந்தர் இருவர். இவரும் வேறு வேறு தாயர் வயிற்றுப் பிள்ளைகள். அரசுரிமை இளையவனுக்குச் செல்லும் என்றஞ்சிய சுந்தரபாண்டியன் தந்தையையே கொன்றான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதி வைத்துள்ளார். தன் குலத்தைப் பாழ்படுத்திய அதே நோய் பகைவர் குலத்தையும் பற்றியது கண்ட வல்லாளன், அதனை நல்வாய்ப்பெனக் கருதிப் படையோடு தமிழ்நாட்டிற்குள் இறங்கினான். தலைநகரில் காவல் குறைந்தது. அந்நேரத்தில் வடக்கிலிருந்து வந்தான் மாலிக் காபூர்.

மாலிக் காபூர் யார்? குசராத்துக் கடற்கரையிலுள்ள காம்பே நகரில் வணிகர் ஒருவரிடம் அடிமையாயிருந்தவன். 1299ஆம் ஆண்டு தில்லிப் படை அந்நகரைக் கொள்ளையிட்டபோது பிடிபட்டு அலாவுதீனிடம் கொண்டுபோகப்பட்டான். ஆயிரம் தினாருக்கு விலைபோனவன் என்பதனால் ஆயிரம் தினாரி என்பதே அவனுக்குப் பட்டப்பெயராயிற்று. விலைக்கு வாங்கப்பட்ட அவ்வடிமையே பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் தில்லிப் பேரரசின் படைத்தலைவனாகித் தேவகிரியையும் வாரங்கல்லையும் பணியவைத்துத் தெற்கே வந்தான். அந்நாளைய தில்லி அரசு அடிமைகளைப் பிடித்து, அவர்களுள் வல்லவரைப் பழக்கி, அவர்களைக் கொண்டே மேலும் நாடு பிடித்து, மேலும் அடிமைகளைச் சேர்த்த அரசு.

1311 பிப்ரவரி இறுதியில் துவாரசமுத்திரம் முற்றுகையிடப்பட்டது. செய்தி கேட்டு விரைந்து திரும்பிய வல்லாளன், போரிட்டால் நகரம் அழியும் என்றுணர்ந்து பணிந்தான். யானைகளும் குதிரைகளும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த செல்வமும் கொடுக்கப்பட்டன. அத்தோடு நிற்கவில்லை, பாண்டிய நாட்டிற்குச் செல்லும் மலைவழியை அவனே காட்டவேண்டி வந்தது. அடுத்த சில வாரங்களில் தமிழ்நாடு கண்ட அழிவு பெரிது. மாலிக் காபூர் 512 யானைகளும் 5,000 குதிரைகளும் கொண்டு மீண்டான் என்று அமீர் குஸ்ரோ கணக்கிடுகிறார். பாண்டியர் இருவரும் அப்பொழுதும் ஒன்று சேர்ந்தாரல்லர்.

வல்லாளன் வழிகாட்டியதைச் சிலர் இரண்டகம் என்பர். தன் குடிகளைக் காக்க வேறு வழியின்றிச் செய்தான் என்பர் சிலர். அவன் பணிந்தமையால் ஹளேபீட்டுக் கோயில்களும் நம் பஸதிகளும் அன்று தப்பின என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் பாண்டியர் பிளவில் வேட்டையாடச் சென்றது அவன் தன்னிச்சையாகச் செய்தது. அதற்கு எவரும் அவனை வற்புறுத்தவில்லை. குந்தாணியில் அவ்வளவு பெருந்தன்மையோடு புண்ணை ஆற்றியவன் மதுரையின் புண்ணில் கோல் நுழைக்கப் போனான் என்பதே நம் வருத்தம்.

பள்ளி மேல்வகுப்புகளில் அமெரிக்க உள்நாட்டுப் போரைக் கற்பிப்பர். அதனை இங்கே ஒப்பிடுதல் தகும். அந்நாட்டின் வடபகுதியில் ஆலைகள் வளர்ந்தன. தென்பகுதியில் பருத்தித் தோட்டங்கள் பெருகின. 1860ஆம் ஆண்டில் அங்கே ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாயிருந்தனர். புதிதாகச் சேரும் மாநிலங்களில் அடிமை முறை இருக்கலாமா கூடாதா என்ற வழக்கு முற்றி, ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபின் தென்மாநிலங்கள் 11 பிரிந்து சென்றன. 1861 முதல் 1865 வரை நடந்த போரில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அதன் முடிவில்தான் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அங்கே அடிமைகளைப் பற்றிய வழக்கே உடன்பிறந்தாரைப் பிரித்தது. நம் நாட்டில் உடன்பிறந்தார் பிரிந்தமையால் படைகள் நுழைந்தன. படைகள் நுழைந்தமையால் மக்கள் அடிமைகளாயினர். தில்லியிலும் அடிமை முறை ஆண்டவர்க்கு நன்மை செய்யவில்லை. அலாவுதீன் இறந்தபின் 1316ஆம் ஆண்டில் மாலிக் காபூர் இளவரசர் இருவரின் கண்களைப் பிடுங்கச் செய்து, தானும் கொலையுண்டான். 1318ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாட்டைச் சூறையாடிய குஸ்ரூகானும் பிடிபட்ட அடிமையே. 1320ஆம் ஆண்டில் அவன் தன் சுல்தானையே கொன்று அரியணை ஏறினான். இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டம் துணை நில்லாது என்று ஆங்கிலக் கும்பினி ஆட்சி சட்டமியற்றியது 1843ஆம் ஆண்டிலேதான்.

வல்லாளன் வரலாற்றுக்கு மீள்வோம். அவன் மைந்தன் வீர விருபாட்சன் தில்லிக்கு அனுப்பப்பட்டு 1313ஆம் ஆண்டில் நலமே திரும்பினான். அதன்பின் பதினான்கு ஆண்டுகள் வல்லாளன் தலைநகரைச் செப்பனிட்டு நாட்டை நிலைநிறுத்த முயன்றான். மேலைக் கடற்கரையில் ஆளுப நாட்டு அரசி சிக்காயி தாயியை மணந்து அப்பகுதியையும் தன்னோடு இணைத்துக்கொண்டான். ஆனால் 1327ஆம் ஆண்டில் முகமது பின் துக்ளக்கின் உறவினனாகிய குர்சாசுப் என்பவன் கலகம் செய்து கம்பிலி நாட்டிற்கு ஓடினான். கம்பிலி அரசன் அவனைக் காட்டிக்கொடுக்க மறுத்து அழிந்தான். குர்சாசுப் அடுத்து வல்லாளனிடம் வந்தான். வல்லாளன் அவனைப் பிடித்துத் தில்லிப் படையிடம் ஒப்படைத்தான். அடைக்கலம் கேட்டு வந்தவனைக் கொடுத்த செயல் இனிதன்று. அவ்வாறு செய்தும் அக்காலத்திலேயே துவாரசமுத்திரம் மீண்டும் தாக்கப்பட்டுப் பாழாயிற்று. போசளர் மூன்று நூற்றாண்டு வளர்த்த நகரம் பின்னர்த் தலைநகராகத் தழைக்கவில்லை. ஹளேபீடு என்னும் பெயருக்கே பழைய இருப்பிடம் என்பதுதான் பொருள்.

அப்பொழுது வல்லாளனுக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல். அவ்வயதில் நாமெல்லாம் ஓய்வூதியம் பெற்று வீட்டிலிருந்தோம். அவன் 1328ஆம் ஆண்டளவில் மலைநாட்டை விட்டிறங்கித் திருவண்ணாமலையைத் தலைநகராக்கினான். கன்னடக் கல்வெட்டுகள் இவ்வூரை உண்ணாமலைப் பட்டணம் எனவும் அருணசமுத்திரம் எனவும் குறிக்கின்றன. துவாரசமுத்திரத்தின் நினைவால் அமைந்த பெயர் போலும் இது. ஏன் இவ்வூரைத் தேர்ந்தான்? மேற்கே செங்கம் கணவாய் வழியாக ஏறினால் கன்னட நாடு. கிழக்கே இறங்கினால் செஞ்சியும் தென்பெண்ணையாற்றுச் சமவெளியும். தெற்கே சென்றால் காவிரி. தன் முன்னோர் இரண்டாகக் கிழித்த நாட்டின் இரு பாதிகளும் சந்திக்கும் வாயில் இது. ஓர் அரசன் இங்கிருந்தால் இரு பகுதியினரும் அவனைத் தம் அரசன் என்று கருத இயலும். கோயிலைச் சுற்றி மதிலும் கோபுரமும் எழுந்தன. மலைக்கு அடியில், இன்று வலம் வருவோர் நடக்கும் நிலத்தில், கன்னடமும் தமிழும் பேசும் வீரர் கலந்து தங்கினர்.

அந்நாளில் நம் மக்கள் வாழும் பகுதிகளைப் படைவீட்டைத் தலைநகராகக் கொண்ட சம்புவராயர் ஆண்டு வந்தனர். 1989ஆம் ஆண்டில் நம் மாவட்டம் தோன்றியபோது அவர்தம் பெயரே அதற்குச் சூட்டப்பெற்றிருந்தது. சம்புவராயருள் இராசநாராயணன் காலத்தில்தான் பொன்னூரைச் சேர்ந்த நல்லாத்தாள் என்னும் அம்மையார் போளூரையடுத்த திருமலையில் அருகப் பெருமானின் திருவுருவத்தை எழுந்தருளச் செய்தார். நாடெங்கும் போர் நடந்த அவ்வாண்டுகளிலும் ஒரு பெண்மணி மலையேறித் திருவுருவம் நிறுவினார் என்பதை அக்கல்வெட்டால் அறிகிறோம்.

1335ஆம் ஆண்டையொட்டி மதுரையில் தில்லியின் ஆளுநனாயிருந்த சலாலுதீன் அசன் தன்னைத் தனிச் சுல்தானாக அறிவித்துக்கொண்டான். அவனை அடக்க வந்த துக்ளக்கின் படை வாரங்கல்லில் கொள்ளைநோயால் அழிந்தது. இவ்வாறு தெற்கே ஒரு சிறு அரசு தனித்து நின்றது. அதனிடமிருந்து கண்ணனூரை மீட்பதே வல்லாளனின் இறுதி முயற்சியாயிற்று. இப்போரைச் சமயப் போர் என்று மட்டும் எழுதுவோர் உளர். வல்லாளன் படையிலே 20,000 இசுலாமியர் இருந்தனர் என்று மதுரைச் சுல்தானின் உறவினனும் இசுலாமியனுமாகிய இபின் பதூதாவே கூறுகிறான். ஆகவே வாசகர் அவ்வாறு கொள்ளற்க.

கண்ணனூர்க் கோட்டையை வல்லாளனின் பெரும்படை பல திங்கள் சூழ்ந்திருந்தது. உள்ளே 6,000 வீரர். இன்னும் 14 நாளைக்கே உணவு என்ற நிலையில், கோட்டையை விட்டால் உயிரோடு போகலாம் என்று வல்லாளன் உறுதி கூறினான். தம் சுல்தானிடம் இசைவு கேட்கவேண்டும் என்றனர். அவன் 14 நாள் தவணை அளித்தான். அறவழியில் நோக்கின் அது தக்க செயல்; போர் முறையில் நோக்கின் அதுவே அவனுக்குக் கேடாய் முடிந்தது. ஓலை மதுரையை அடைந்தது. சுல்தான் கியாசுதீன் வீரரைத் திரட்டிக்கொண்டு விரைந்தான். நண்பகலில் வல்லாளனின் வீரர் உண்டு உறங்கிக்கொண்டிருந்தனர். குதிரைகள் மேய்ச்சலில் இருந்தன. வருவோர் கள்வர் என்று கருதி ஒழுங்கின்றி எழுந்தனர், பாசறை சிதறியது. எண்பது கடந்த மன்னன் குதிரையேற முயலும்போது சுல்தானின் மருமகன் நசீருதீன் அவனை வெட்ட ஓங்கினான். அவ்வேளை நசீருதீனின் அடிமை ஒருவன், அம்முதியவனே அரசன் என்று அடையாளம் காட்டினான். வல்லாளன் சிறைப்பட்டான்.

விடுவிப்பதாகச் சொல்லி அவனிடமிருந்த செல்வமும் யானைகளும் குதிரைகளும் பெறப்பட்டன. பின்னர் அவன் கொல்லப்பட்டான். அவனுடலை இழிவுபடுத்தி மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தன் கண்ணாற் கண்டதாக இபின் பதூதா எழுதுகிறான். அக்கொடுமையை விரித்துரைக்க நம் கை எழவில்லை. அவன் இறந்தது 1342 செப்டம்பர் 8 என்று கன்னடக் கல்வெட்டால் அறிகிறோம். அவன் பாட்டன் பங்கு பிரித்துவிட்டு வாழ்ந்த கண்ணனூரின் எல்லையிலேயே அவன் பிடிபட்டான்.

மைந்தன் விருபாட்சன் நான்காம் வல்லாளன் என்னும் பெயரோடு சில ஆண்டு ஆண்டான். 1346க்குப் பின் அவனைப் பற்றிய செய்தியில்லை. போசள நாடு விசயநகர அரசர் கைக்கு மாறியது. குமார கம்பணன் 1371ஆம் ஆண்டையொட்டி மதுரையை வென்றான். அதற்குச் சற்று முன், 1368ஆம் ஆண்டில், பழைய போசள நாட்டில் நம்மவர்க்கும் வைணவர்க்கும் பெருவழக்கு ஒன்று மூண்டது. சமணர் புக்கராயனிடம் முறையிட்டனர். அவன் திருவரங்கம், திருப்பதி, காஞ்சி, மேல்கோட்டை முதலிய இடங்களின் வைணவப் பெரியோரை அழைத்து, சமணர் கையைப் பற்றி அவர்கள் கையில் வைத்து, இரு நெறிக்கும் வேற்றுமையில்லை என்று தீர்ப்பளித்தான். வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு ஒரு பணம் சமணரிடம் தண்டி, சிரவணபெளகொளத்திற்கு 20 காவலரை வைணவரே அமர்த்தவேண்டும். மிஞ்சிய பணத்தில் ஜினாலயங்களுக்கு வெள்ளையடிக்க வேண்டும். கல்வெட்டு பெளகொளத்தில் இன்றும் உள்ளது. யாத்திரை செல்வோர் கேட்டுப் பார்த்து வருக.

திருவண்ணாமலையில் வல்லாளனை மக்கள் தம் வழியில் நினைவிற் கொண்டனர். மகப்பேறற்ற அம்மன்னனுக்கு அண்ணாமலையாரே மகனானார் என்பது அருணாசல புராணக் கதை. வரலாற்றில் அவனுக்கு மைந்தன் உண்டு என்பதை மேலே கண்டோம். ஆயினும் கதை வலிது. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று கோயில் திருமேனி பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருள, மகன் தந்தைக்குச் செய்யும் நீர்க்கடன் வல்லாளனுக்குச் செய்யப்படுகிறது.